மகளின் ஃபோல்டரில் கரண்ட் பில்

நான் மெயில் மென்பொருள் ஒன்றை எழுதி விற்றுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் வகை. இணையம் இல்லாத நேரத்திலும் பழைய மெயில்களைத் தேடிப் படிக்கலாம். கேரள எல்லையில், பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியில் இருந்து அதை எழுதினேன். கூட்டாளியோ ஊழியரோ கிடையாது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நான் பார்த்தே இராத நாடுகளில் இருந்தார்கள். எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர்தான்.

அவர் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சர்ச் சபைக்காரர். உறவில்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவியை மாமி என்று. அவர்களுடைய ஒரே மகள் வெளிநாட்டில் நர்ஸாக இருந்தாள். போனில் பேசுவதைவிட எழுதுவதுதான் அவளுக்குப் பிடிக்கும். ஏழெட்டு வருடம் அப்பாவுக்குத் தமிழில் மெயில் எழுதினாள். பிறகு அங்கேயே நோய் வந்து இறந்துபோனாள்.

அவள் இருந்த காலத்திலேயே மாமாவின் கம்ப்யூட்டரில் என் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தது நான்தான். மெயில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறங்கியதும் சர்வரில் இருந்து அழிந்துவிடும்படி அமைத்ததும் நான்தான். அவருடைய கணக்கில் இடம் குறைவு, அப்போது அது நல்ல யோசனையாகப் பட்டது. அவள் எழுதியது ஆஸ்பத்திரி கொடுத்த முகவரியில் இருந்து. அவள் இறந்ததும் அதை மூடிவிட்டார்கள். ஆக, அந்தக் கடிதங்கள் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தன.

இந்தச் சமயத்தில் பெரிய மெயில் நிறுவனம் ஒன்று, வெளி மென்பொருள்கள் இனிப் பழைய கடவுச்சொல் முறையில் உள்ளே வரக்கூடாது என்று அறிவித்தது. புதிய முறைக்கு மாற வேண்டும். மாறினாலும் வருடாவருடம் அவர்கள் சொல்லும் இடத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டுச் சான்று வாங்க வேண்டும். ஒற்றை ஆளாக நடத்தும் எனக்கு அது ஆகிற காரியமில்லை. மூன்று முறை விளக்கி எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. அதில் என் பெயர்கூட இல்லை.

மெயில் இறங்காமல் போனவர்கள் திட்டியது அந்த நிறுவனத்தை அல்ல, என்னைத்தான். ஏமாற்றுக்காரி என்றார்கள். உன் நாட்டிலிருந்து வாங்கியது என் முட்டாள்தனம் என்றார் ஒருவர். கொஞ்ச நாளில் நானும் பழகிக்கொண்டேன். ஆறேழு பதில்களை எழுதி ஒரு கோப்பில் சேமித்து வைத்தேன். 'உங்கள் வன்தட்டைச் சோதித்துப் பாருங்கள்', அதாவது ஹார்ட் டிஸ்கை, என்பது அதில் ஒன்று. 'பேக்கப் எடுப்பது உங்கள் பொறுப்பு' என்பது இன்னொன்று. முழுதாகப் படிக்காமலே ஏதாவது ஒன்றை ஒட்டி அனுப்புவேன். அனுப்பும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும். அதை இப்போது சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இருப்பவர்களும் போய்விடக் கூடாதே என்று, தேடல் வேகமாக நடக்கும் புதிய பதிப்பு ஒன்றை அறிவித்தேன். அதற்காக மெயில்களைச் சேமிக்கும் முறையையே மாற்ற வேண்டி வந்தது. நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. ஆறு வாரத்தில் முடித்து வெளியிட்டேன்.

பத்து நாள் கழித்து மாமா கூப்பிட்டார்.

"மக்கா, மகளுக்க ஃபோல்டர தொறந்தா கரண்ட் பில்லு வருது. அவளுக்க மெயிலு ஒண்ணும் காணல்ல. நீ ஒண்ணு வந்து பாரு."

போனேன். கம்ப்யூட்டரை மூடும் பூப்போட்ட துணியை மடித்து வைத்துவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். 'மகள்' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். கரண்ட் பில், போன் பில், தண்ணீர் பில். கீழே 'பில்' என்று இன்னொரு ஃபோல்டர். அதிலும் அதே பில்கள். இரண்டிலும் ஒன்றே இருப்பதைப் பார்த்த உடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வருகிற வழியில் பாலத்தடியில் நின்று போனில் இரண்டு வசவு மெயில்களைப் படித்துவிட்டு வந்திருந்தேன். அந்த எரிச்சலிலேயே பேசினேன்.

"டிஸ்கு கேடாயிருக்கும் மாமா. அப்டேட் ஓடும்போ ஆராவது சுவிட்ச ஆஃப் பண்ணினாவளா?"

அவர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். மாமி வாசலில்தான் நின்றிருந்தார்.

"நீ தூத்து வாரும்போ சுவிட்ச தட்டினியாட்டீ?"

"நான் அந்தப் பக்கம் வரவே இல்ல."

"பின்ன ஆரு? இந்த வீட்டுல வேற ஆரு உண்டு?"

மாமி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"பேக்கப் எடுத்து வச்சிருக்கணும் மாமா" என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார். ஸ்கூட்டரில் திரும்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பு என்மேல் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா.

ஒன்றரை மாதம் போனது. கிரேக்க நாட்டுப் பெண் ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். தன்னுடைய இரண்டு ஃபோல்டர்களில் ஒரே மெயில்கள் இருக்கின்றன, ஒன்றில் இருந்தவை போய்விட்டன என்று படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஃபோல்டர்களின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும் என் கம்ப்யூட்டரில் 'மகள்' என்றும் 'பில்' என்றும் இரண்டு ஃபோல்டர் போட்டு, பழைய பதிப்பில் இருந்து புதியதற்கு மாற்றிப் பார்த்தேன்.

ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கோடு போட்டுக் கோப்புக்குப் பெயர் வைக்கும்படி எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணும். அதன் கணக்கில் மகள் நான்கு, பில்லும் நான்கு. இரண்டுக்கும் நான்கு கோடு, ஒரே பெயர். முதலில் மகள் போய் உட்கார்ந்தாள், அவள்மேல் பில் போய் உட்கார்ந்தது. இடம் அடைக்கிறது என்று யாரோ திட்டியதால், மாற்றி முடித்ததும் பழைய கோப்புகளை அழிக்கவும் சொல்லியிருந்தேன். வெளியிடும் முன் சோதித்தபோது எல்லா ஃபோல்டருக்கும் ஆங்கிலப் பெயர்தான் வைத்தேன். வீட்டில் பேசுகிற மொழியில் ஒன்றுகூட வைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் திருத்திவிட்டேன். புதிய பதிப்பின் குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் போட்டேன். கிரேக்கப் பெண்ணுக்கு, சேமித்து வைத்த பதிலை அனுப்பினேன். உங்கள் வன்தட்டைச் சோதித்துப் பாருங்கள்.

மாமாவிடம் போகவில்லை. போன் வந்தாலும் எடுக்கவில்லை.

இன்னும் ஒன்றரை மாதம் சென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் மாமி தனியாக நின்றிருந்தார். மாமா முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டாராம்.

"மக்ளே, ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள எழுதி இருக்குமா, எந்த நேரம் ஆஃப் ஆச்சுண்ணு?"

"எதுக்கு மாமி?"

"மாமா எனக்கிட்ட பேசுதது இல்ல. மூணு மாசம் ஆச்சு. சோறு வச்சா திம்பாரு. நான் தொடல்லண்ணு சொன்னா, பொய்யும் சொல்லுதியாண்ணு ஒரு நோட்டம். அதுல எழுதி இருந்தா, நீ வந்து ஒருக்க வாசிச்சா போரும்."

எழுதி இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரும் தான் அணைந்த நேரத்தைக் குறித்து வைக்கும். பழக்கப்பட்டவர்கள் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டலாம்.

"அப்பிடி ஒண்ணும் இருக்காது மாமி" என்றேன்.

"இருக்காதா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

கிரேக்கப் பெண் தொலைவில் இருந்தார். மாமி அப்படி இல்லை. புதன்கிழமை காலையில் போய் மாமாவின் முன்னால் நின்றேன்.

"மாமா, டிஸ்குல கேடு இல்ல. எனக்க தப்பாக்கும். மாமி ஒண்ணும் செய்யல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எப்பம் தெரியும்?"

"ஒண்ணர மாசம் ஆச்சு."

"அன்னைக்கு இங்க இருந்து டிஸ்குண்ணு சொன்னியே, அப்பம் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமதான் சொன்னேன்."

"தெரியாம ஒருத்திக்க தலையில போட்டாச்சு" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் போட்டது தானும்தான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் கறுத்துப்போனது. அடுக்களையைப் பார்த்து, "கேட்டியா, நீ ஒண்ணும் செய்யல்லியாம்" என்றார்.

"அது எனக்குத் தெரியும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மாமி வெளியே வரவில்லை.

அவருடைய டிஸ்கைக் கழற்றித் திருவனந்தபுரத்தில், அழிந்ததை மீட்டுத் தரும் ஒரு இடத்தில் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பாதி வரிகளும் உடைந்த எழுத்துகளுமாக ஏதோ கிடைத்தது. ஒரு கடிதம்கூட முழுதாக இல்லை. "இதில் மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்கிறார்கள், மேலே மேலே எழுதப்பட்டுவிட்டது. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் ஏறக்குறைய எல்லாமே எடுத்திருக்கலாம்" என்றார் அங்கிருந்தவர் மலையாளத்தில், சாதாரணமாக, டிஸ்கை உறையில் போட்டுக்கொண்டே. இந்த முறை மறைக்கவில்லை. அதை அப்படியே மாமாவிடம் போனில் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மென்பொருள் வாங்கிய எல்லோருக்கும் நடந்ததை எழுதினேன், நான் மறைத்ததையும் சேர்த்து. வசவுகள் வந்தன. அவற்றை இந்த முறை முழுதாகப் படித்தேன். கிரேக்கப் பெண் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நீங்கள் சொன்னதால் நான் என் வன்தட்டை இரண்டு முறை சோதித்தேன்.' என்ன இழந்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மாதமே விற்பனையை நிறுத்தினேன். இப்போது கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் யாரோ எழுதிய மென்பொருளில் பிழை தேடும் வேலை. காலையில் நெய்யாற்றின்கரையில் ரயில் ஏறுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை மாமா கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. மகளிடமிருந்து மெயில் வரும்போதெல்லாம் அவர் சத்தமாக வாசிப்பாராம், மாமி அடுக்களையில் நின்று கேட்பாராம். மாமிக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றார்.

"நான் கேட்டா மொகத்த திருப்பிட்டுப் போறா. மக்கா, நீ ஒண்ணு கேட்டுப் பாரு."

நான் போனபோது மாமி பின்பக்கம் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"மகள் எழுதினதெல்லாம் உங்களுக்கு ஓர்மை உண்டுண்ணு மாமா சொன்னாரு."

"உண்டு. மொத கடுதாசி தொட்டு உண்டு. ஒண்ணும் மறக்கல்ல."

"அப்பம் சொல்லலாமே மாமி. நான் எழுதி எடுக்குதேன்."

கத்தி நிற்கவில்லை. தோல் நீளமாகச் சுருண்டு விழுந்தது.

"நான் சுவிட்ச தொடல்லண்ணு ஒரு வார்த்த சொன்னேன். அத நம்பல்ல. இத சொன்னா மட்டும், அவ எழுதினதுதாண்ணு எப்பிடி நம்புவாரு?"

"இப்பம் நம்புவாரு மாமி."

"நீ வந்து சொன்னப்பொறவுதானே நம்பினாரு. இதுக்கு ஆரு வந்து சொல்லுவா?"

மாமி உள்ளே போய்ச் சாயா போட்டுக் கொண்டுவந்தார். சீனி சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார், பிறகு டம்ளரை வாங்கிக் கழுவப் போனார்.

மாமா கேட்டில் நின்றிருந்தார். கையில் பேனாவும் கோடு போட்ட நோட்டும் இருந்தன. இல்லை என்று தலையை அசைத்தேன். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.