உருளை சுழன்ற சத்தம்

இலங்கையிலிருந்த எங்கள் குடும்பங்களை டென்மார்க்குக்குக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. ரண்டர்ஸ் நகரத் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த டெனிஷ்காரர் ஒருவர் துப்பாக்கி சுடும் கழகத்தில் இருந்தார். பயிற்சிக்கு மலிவான சின்ன ரிவோல்வர் வாங்க அனுமதி கிடைத்ததும், என்னையும் என் அறைத்தோழரையும் கடைக்குக் கூட்டிப்போனார்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். புதியது விலை கூட. அடுத்ததின் பிடி ஆடியது. மூன்றாவது பழையது, ஆனால் இறுக்கமானது. அதில் தோட்டா இல்லையென்று காட்டிவிட்டு உருளையை மெல்லச் சுழற்றினார்.

அறைத்தோழர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, ஆரோ படலை திறக்கினம்."

"இஞ்ச ஏது வேலியும் படலையும்?"

"ஆமி வந்து என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கும் படலைக் கொழுக்கி இப்பிடித்தான் சத்தம் போட்டது."

எங்கள் பேச்சு விளங்காத டெனிஷ்காரர், அதையே வாங்குவதாகச் சொல்லி மறுபடி சுழற்றினார். இம்முறை எனக்கும் அந்தக் கொழுக்கிச் சத்தம் கேட்டது. அதன் பின்னால், மணலில் பலபேர் நடந்து வரும் சத்தமும் கேட்டது.

நான் குனிந்து பார்த்தேன். கடை முழுக்கத் தடித்த கம்பளம் விரித்திருந்தது. நடந்தவர் எவருமில்லை.

அறைத்தோழரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் பனியில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது நான்.