காக்கைக்கு வேறு குரல்

எங்கள் தெருவில் கைலாசத்தைப் போலச் சேலை நெய்ய ஆள் கிடையாது. அவரைப் போல அவசரக்காரரும் கிடையாது.

அவர் மனைவி இந்திராணி நல்ல வாயாடி. 1999 கோடையில் சென்னைக்குத் தங்கை வீட்டுக்குப் போனவளை, அங்கே பக்கத்து வீட்டு ஒலிப்பதிவாளர் டப்பிங் பேசக் கையோடு அழைத்துப் போனார். ஏதோ ஒரு பழைய வெளிநாட்டுக் கார்ட்டூனில் வரும் காக்கைக்குத் தமிழ் பேசிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் அது ஓடியபோது தெருவே அவர்கள் வீட்டில்தான். கைலாசம் அதை வீடியோ கேசட்டில் பதிவு செய்து வைத்தார்.

நாலு வருடம் கழித்து, பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தில் அவர் நெய்த சேலையை அம்மனுக்குச் சாத்தினார்கள். கேபிளில் நேரடியாகக் காட்டினார்கள். மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கைக்கு அகப்பட்ட அதே கேசட்டைச் செருகி, கார்ட்டூன் மேலேயே பதிவு செய்தார்.

"கார்ட்டூன்தானே, திரும்பப் போடுவான்" என்றார். யாரும் போடவில்லை.

2006-இல் இந்திராணிக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பிழைத்து வந்தாள், பேச்சு போய்விட்டது. அவளுடைய குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. கல்யாணக் கேசட்டில்கூட நாதஸ்வரம்தான்.

2012-இல் மருமகளாக வந்த இளவரசி, மாமியார் பேசிக் கேட்டதே இல்லை; காக்கைக்குப் பேசிய கதை மட்டும் தெரியும். மறு வருடம் அந்தக் கார்ட்டூன் டிவிடியாக வந்திருப்பதைக் கடையில் பார்த்து, அப்படியே வாங்கி வந்துவிட்டாள். என்னையும் கூப்பிட்டார்கள்.

படம் பளிச்சென்று இருந்தது. டிவியில் வெட்டிய சண்டைக் காட்சிகள் எல்லாம் இருந்தன. காக்கை வாயைத் திறந்தது. யாரோ ஒரு பெண் பேசினாள். அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'புதிய தமிழ் ஒலிப்பதிவு' என்று போட்டிருந்தது.

வசனம் மட்டும் மாறவில்லை. இந்திராணியின் உதடுகள் தானாக அசைந்தன, ஒரு சொல் பிசகாமல்.

இளவரசி அதைப் பார்த்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"அத்தே, எவ்ளோ நல்லா இருக்குது உங்க குரலு. இப்படித்தான் வீட்ல பேசிக்கினு இருப்பீங்களா?"

இந்திராணி கைலாசத்தைப் பார்த்தாள். இது அவள் குரல் இல்லை என்று சொன்னால், அவள் குரலை அழித்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

இந்திராணி இல்லை, இல்லை என்று தலையாட்டினாள்.

"என்ன அத்தே, இதுக்குப் போய் வெக்கமா?" என்று சிரித்துக்கொண்டே, இளவரசி முதலிலிருந்து போட்டாள்.