ருக்மணி அக்காவின் கை

என் மகள் மல்லிகாவுக்குச் சின்னம்மை போட்டிருந்தபோது, அவள் சொறிந்துவிடாதபடி இரு கைகளுக்கும் மெல்லிய துணியில் உறை தைத்துக் கட்டிவிட்டவர் எதிர்வீட்டு ருக்மணி அக்கா. துணி ஏது என்று நான் கேட்கவில்லை. திருவிழாவன்று அவருடைய ஒரே நல்ல சேலையின் முந்தானை குட்டையாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் காஜா பேராங்கில் எந்த வீட்டில் அம்மை இறங்கினாலும் அக்காதான் போய் உட்காருவார். சிறு வயதிலேயே அவருக்கு வந்துபோனது. வந்த உடம்புக்கு மறுபடி வராது. ஆனால் ஒரே மகள் சீதாவை மட்டும் அந்த நாட்களில் புக்கிட் காதிலில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றீங்க, சொந்தப் பொண்ணுன்னா பயமாக்கா?" என்று கேலி செய்வேன்.

"ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். எத்தனை வீட்டுக்கு வேணா கூப்பிடு, எம்பொண்ண மட்டும் பாக்க வராதேன்னு."

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருடம் சீதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அப்போது அக்காவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி கண்டது. தெங்கேராவிலிருந்து நாட்டு வைத்தியர் அப்பாசாமி வந்து காவி குழைத்துக் கொப்புளங்களின் மேல் அக்கி எழுதினார். அக்கி வேறு, அம்மை வேறு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அம்மைக்கு வாசலில் வேப்பிலை செருகுவோம், அக்கிக்குச் செருகுவதில்லை. அதனால் சீதாவே தாயின் கொப்புளங்களில் தினமும் காவி பூசிவிட்டாள்.

அக்காவுக்கு ஆறியது. சீதாவுக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டது; நெஞ்சில் இறங்கி மூச்சு முட்டியது. வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் மாணிக்கவாசகம்தான் மெதுவாகச் சொன்னார். "உங்க அக்கி அந்தப் பழைய அம்மைதாம்மா. அது உடம்ப விட்டுப் போறதில்ல, நரம்புக்குள்ள படுத்துக்கிடும்னு பெரிய டாக்டர் சொல்றாரு. ரத்தத்துல இருக்கிற சக்தி அத எழுந்திரிக்க விடாம காவல் இருக்கும். வயசாகி காவல் தளந்தா, அக்கியா எழும்பும்."

"சீதாவுக்கு?"

"அவ உடம்பு அத முன்ன பார்த்ததே இல்லையேம்மா. ஒரு தடவ பார்த்திருந்தா அடையாளம் கண்டு எதிர்த்திருக்கும்."

அதன்பிறகு அக்கா கோயிலுக்கு வரவில்லை. அவருக்காகவும் சேர்த்து நான்தான் விளக்குப் போட்டேன்.

அக்கா தன் தங்கை வீட்டோடு போய்விட முடிவு செய்து, மூட்டையோடு என் வாசலில் வந்து நின்றார். மல்லிகா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். அக்கா சட்டென்று விலகி, இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"பிள்ளைய உள்ள கூட்டிக்க, தங்கச்சி. கொப்புளம் காஞ்சிருச்சு, இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டிரெசர் சொல்றாரு. என் கைக்குத்தான் அது இன்னும் தெரியல."