மூலைக்கு மூலை ‘மீட்டர்!’

என் தங்கை மகளின் குரலைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத்தான் ஆட்கள் நம்புவார்கள். நம்பாமல் விடுகிற மீதிதான் உண்மை. கேட்டுக்கு வெளியே நின்று அவள் “மீட்டர்!” என்று ஒரு குரல் கொடுத்தால், மாடிக் கொடியில் காயும் துணி கிளிப்பை உதறிவிட்டுக் கீழே குதிக்கும். ஒருமுறை குதித்தது என் சேலை. சாட்சிக்கு வேறு ஆள் வேண்டுமா?

மின்சார அலுவலகத்தில், வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. மாடிப்படிக்கு அடியில், குளியலறைச் சுவரில், கோழிக்கூண்டுக்குப் பின்னால் என்று மனிதர்கள் மீட்டரை ஒளித்துவைக்காத இடமில்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாய் அவள் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வாசலானாலும், எந்தத் திருப்பமானாலும், நின்று குரல் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்துதான் அடி எடுத்து வைப்பாள். சொந்த வீட்டுச் சமையலறைக்கும் அதே மரியாதைதான்.

“உள்ள நாய் இல்லடி, நான்தான் இருக்கேன்” என்பார் அவள் கணவர். பஸ் டிரைவர்.

“அதனாலதாங்க கூப்பிட்டேன்.”

இப்படி இருக்கையில், தன் கணக்கைத் தானே அனுப்பிவிடும் புது மீட்டர்கள் வந்தன. அலுவலகத்தில் அழைத்துச் சொல்லிவிட்டார்கள்: மீட்டர் பார்க்க இனி ஆள் வேண்டாம். அதே சமயம், கம்பிச் சுருளும் பெட்டிகளும் வந்து குவிகிற கிடங்கில் ஆள் போதவில்லை. பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டித் தேறினால் அங்கே வேலை. தேறாவிட்டால் மாதக் கடைசியில் கும்பிடு. ஊரில் வேலைக்கு ஒன்றும் பஞ்சமில்லை, அது ஓரிடத்திலிருந்து எழுந்து இன்னோரிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இவளோ சைக்கிள்கூட மிதித்ததில்லை.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்று மார்தட்டினார் கணவர். அவளை நாற்காலியில் உட்கார்த்தி, கையில் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, பஸ் திருப்புகிற வித்தை முழுவதையும் கற்றுத்தந்தார். ஒரு தகவல் மட்டும் அந்த மகானுக்குத் தெரியாது: ஃபோர்க்லிஃப்டுக்குத் திரும்புவது பின்சக்கரம். பயிற்சியின் முதல் நாள் அவள் கணவர் சொன்னபடியே திருப்ப, வண்டியின் வால் சுழன்று, வரிசையாக வைத்திருந்த கூம்புகளைத் துடைத்துத் தள்ளிவிட்டது.

“உங்க வித்தைய உங்க பஸ்ஸோட வச்சுக்கங்க” என்று வீட்டுக்கு வந்து தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதன்பிறகு கிடங்கில் சொல்லிக்கொடுத்ததை மட்டும் கேட்டு, வாலை அடக்கப் பழகினாள். தேர்வு நாளும் வந்தது.

தேர்வு இதுதான். அடியிலுள்ள பலகையோடு பெட்டிகளைத் தூக்கி, அடுக்குகளுக்கு நடுவே ஓட்டிப் போய், மறுகோடியில் இறக்க வேண்டும். எதிரே வருவது தெரியாத மூலைகளில் நின்று, ஹாரன் அடித்து, பிறகு திரும்ப வேண்டும். அவள் பெட்டியைத் தூக்கினாள். முதல் மூலை வந்தது. கால் தானாக பிரேக்கை மிதித்தது. கை ஹாரனைத் தேடுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“மீட்டர்!”

தகரக் கூரை அதிர்ந்தது. அங்கே குடியிருந்த புறாக்கள் அன்றைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டன. தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. அடுத்த மூலையில் ஹாரன்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த மூலை வந்தது, “மீட்டர்!”

கடைசி மூலைக்கு அந்தப் பக்கம், முகம் மறைய அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு கிடங்குக்காரர் வந்துகொண்டிருந்தார். குரல் கேட்டதும் நின்ற இடத்திலேயே ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டார்.

“எங்க வீட்ல போன வாரமே பாத்தாச்சும்மா!”

“நீங்க முதல்ல போங்கண்ணே, அப்புறம் நான் வர்றேன்.”

அவர் கடந்து போன பிறகே வண்டியைத் திருப்பினாள். பெட்டியை இறக்கிவிட்டு, தேர்வு வைத்தவர் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றாள்.

“ஃபெயில்தானே சார்?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த தண்ணீர். “ஹாரனுக்கு உள்ள மார்க் போச்சும்மா. அதுல மாத்தமில்ல.”

அவள் தலையாட்டினாள்.

“ஆனா காலையிலேருந்து பாக்கறேன். எல்லாரும் அழகா ஹாரன் அடிக்கறாங்க, அடிச்சிட்டு அதே வேகத்துல போயிடறாங்க. நீங்க மூலைக்கு மூலை நின்னீங்க. ஆள் போற வரைக்கும் காத்திருந்தீங்க. ஹாரன் அடிக்கறத ஒரு நாள்ல பழக்கிடுவேன், நிக்கறத யாருக்கும் பழக்க முடியல. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

அவள் போய், இறக்கிவைத்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சமையலறை வாசலில் நின்றாள். குரல் கொடுக்கவில்லை. உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவருக்குக் கை நின்றுவிட்டது. குரல் வராத நாளை அவர் பார்த்ததே இல்லை.

“போனா போகுது, விடு” என்று எழுந்தார். “என் சம்பளம் இருக்குல்ல, எப்படியாவது...”

“பாம்! பாம்!” என்று வாயாலேயே ஹாரன் அடித்தாள் அவள்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்குச் செய்கிறாற்போலக் கையை வீசினார். “ரைட், ரைட்! உள்ள வா!” கண்ணில் வழிந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் முதலில் தூக்கியது என்ன தெரியுமா? லாரியிலிருந்து இறங்கிய அந்தப் புது மீட்டர்களைத்தான். “ஓ, நீங்கதானா அது?” என்று கேட்டு, ஹாரன் அடித்து, அடுக்கின் உச்சித் தட்டில் கொண்டுபோய் வைத்தாள்.