பதினைந்து நாள் பேசிய பெட்டி

எட்டுப் பேர் பேசலாம் என்று சொல்லி விற்ற பெட்டியில் நான்கு பேருக்கு மேல் பேச முடியாவிட்டால் அதற்குப் பெயர் ஏமாற்று. சந்தையில் தராசுத் தட்டில் விரலை வைப்பவனைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிறோம். அதே விரலைப் பதினோரு பக்க ஆங்கில ஒப்பந்தத்துக்குள் வைத்தால் மட்டும் அதை உரிமம் என்று சொல்லி எழுந்து நிற்கிறோம். எழுந்து நிற்க மறுத்த ஒருவர் திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிறார். பெயர் அன்னாள். இடது காலில் இரும்புப் பட்டை, கக்கத்தில் ஊன்றுகோல், கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா.

மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. மந்திரித்த எண்ணெய் தடவினால் கால் நேராகும் என்று ஊரார் சொன்னதை நம்பி ஒரு வருடம் போனது. எண்ணெய் கொடுத்தவர் மாடி வீடு கட்டினார். அன்னாளின் கால் சூம்பியது. பள்ளி ஆசிரியரான அப்பா அதற்குப் பிறகாவது விழித்துக்கொண்டு மகளைக் கணிதத்தில் பட்டம் வாங்க வைத்தார். வேலைதான் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போன இடங்களில் எல்லாம் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள்.

1992இல் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் வாங்கினார். அதற்கும் இரண்டு வருடம் படியேறி இறங்கினார். மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர், "ஏம்மா இப்படி அலையிற? வீட்ல ஆம்பள யாருமில்லையா?" என்று கேட்டார்.

"தம்பி இருக்கான் சார். அவனுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. இந்த ஒதுக்கீடு அவனுக்குக் கிடைக்காது."

அடுத்த வாரம் உத்தரவு வந்தது.

பூத்தில் ஒவ்வொரு அழைப்பையும் பதிவேட்டில் எழுத வேண்டும்: பெயர், எண், நேரம், எந்தக் கூண்டு. அந்தக் காலத்தில் பம்பாய்க்குப் பேசினால் பாதி நேரம் இரைச்சல்தான் கேட்கும். காசு கொடுக்க மாட்டேன் என்று சண்டை நடக்கும். அதனால் அன்னாள் பதிவேட்டில் தானாக ஒரு கட்டம் சேர்த்தார். தலைப்பு: 'தெளிவு'. பேசி முடித்தவரே அதில் சரி என்றோ தப்பு என்றோ குறி போட வேண்டும். தப்பு போட்டால் காசு கிடையாது. எழுதத் தெரியாதவர்கள் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். கன்னிவாடியிலிருந்து வரும் அய்யம்மாள், கேட்டால் மூன்று புள்ளி, கேட்காவிட்டால் ஒரு கோடு. "ஏமாத்திப்புடுவாங்களே ஆத்தா" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பதிமூன்று வருடத்தில் வேண்டுமென்றே தப்புப் போட்டவர்களை அன்னாள் ஒரு கையில் எண்ணிவிடுவார். ஏழைகள் பொய் சொல்வார்கள் என்பது, பொய் சொல்லிப் பிழைப்பவர்கள் கட்டிவிட்ட கதை.

செல்போன் வந்தது. உள்ளூர்ப் பேச்செல்லாம் அதற்குப் போனது. மிச்சம் இருந்தது வளைகுடா. கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போன ஆண்களுக்கு அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. தொழுகை முடிந்து, சமையல் முடிந்து, அவர்கள் அறைக்கு வந்து உட்காரும்போது இங்கே மாலை நான்கு மணி. ஆகவே வாரம் முழுவதும் ஈ ஓட்டும் கடையில் வெள்ளிக்கிழமை நான்கிலிருந்து ஆறு வரை நிற்க இடம் இருக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அன்னாளின் பிழைப்பு இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஐம்பது குடும்பங்களின் வாரமும் இருந்தது.

இணையம் வழியாக வெளிநாட்டுக்குப் பேசுவது சட்டப்படி செல்லும் என்றான பிறகு, 2005 ஜூலையில், சென்னைக் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர் முகேஷ்குமார் வந்தார். பிராட்பேண்ட் இணைப்பில் செருகினால் எட்டுக் கூண்டுக்கும் எட்டுத் தொலைபேசி என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். "எட்டு லைன் மேடம். எட்டும் ஒரே நேரத்துல." நோட்டீஸிலும் அப்படித்தான், கொட்டை எழுத்தில்.

வியாழக்கிழமை பெட்டி பொருத்தப்பட்டது. மறுநாளும் அடுத்த வெள்ளியும் எட்டுக் கூண்டிலும் எட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். தெளிவுக் கட்டம் முழுக்கச் சரி. அய்யம்மாள் கூண்டை விட்டு வெளியே வந்து, "ஏத்தா அன்னாளு, எம் மகன் சடையாண்டி குவைத்துல சோறு மெல்லுற சத்தம் கேக்குதுத்தா" என்றார்.

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை. நான்கு பேர் பேசும்வரை ஒன்றுமில்லை. ஐந்தாவது ஆள் எண்ணைப் போட்டதும் எல்லாக் கூண்டிலும் குரல் துண்டு துண்டாக உடைந்தது.

"ஏய், எவடி அஞ்சாவதா எடுத்தது? வையிடி போனை!"

"நான் எதுக்கு வைக்கணும்? நீ வந்ததுலயிருந்து அவர்கிட்ட கொஞ்சிக்கிட்டே இருக்க. எனக்குப் புருஷன் இல்லையா?"

"நீ அங்க ஏச்சுதான வாங்கப் போற, அடுத்த வாரம் வாங்கிக்கடி!"

சிரித்தார்கள். ஆனால் பேச முடியாமல் போன நால்வரில் ஒருத்தி பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே போனாள். அன்றைய தெளிவுக் கட்டத்தில், பெட்டி வந்த பிறகு முதன்முறையாக, அய்யம்மாளின் ஒற்றைக் கோடு விழுந்தது.

முகேஷ்குமாரிடம் கேட்டதற்கு, மிக அமைதியாகப் பதில் வந்தது. "சோதனைக் காலம் முடிஞ்சிருச்சு மேடம். பதினஞ்சு நாள். ஒப்பந்தம் ஒன்பதாம் பக்கத்துல இருக்கு."

விஷயம் இதுதான். குரலை இணையத்தில் அனுப்ப, அதை எண்களாக மாற்ற வேண்டும். அதற்கான கணக்கு முறையைக் கோடெக் என்கிறார்கள். குரலைச் சுருக்காமல் அனுப்பும் பழைய முறை ஒன்று. அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. இறுக்கிச் சுருக்கி அனுப்பும் ஜி.729 என்ற முறை இன்னொன்று. அதற்கு லைன் ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமம் வாங்க வேண்டும். சுருக்காத குரலுக்கு இணைப்பில் எண்பது பங்கு இடம் வேண்டும். சுருக்கிய குரலுக்கு இருபத்து நான்கு போதும். அன்னாளின் இணைப்பின் மொத்த அகலம் இருநூற்று ஐம்பத்தாறு. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவர் கணக்குப் போட்டார். எட்டும் சுருக்கினால் நூற்றுத் தொண்ணூற்று இரண்டு, தாராளம். பெட்டியோடு வந்ததுபோல் இரண்டுக்கு மட்டும் உரிமம், மற்றவை சுருக்காதவை என்றால், ஐந்தாவது ஆள் வந்ததும் இருநூற்று எண்பத்தெட்டு. அங்கேதான் உடைகிறது. பெட்டியை விற்றவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரிந்துதான் பதினைந்து நாள் எட்டுக்கும் உரிமத்தைச் சும்மா கொடுத்தான். இரண்டு வெள்ளிக்கிழமைகளில் ஊரை வரவழைத்துக் காட்டிவிட்டு, மூன்றாவதில் குரல்வளையைப் பிடிக்க.

அன்னாள் சங்கிலியை அடகு வைத்து மீதி ஆறு லைனுக்கும் உரிமம் வாங்கினார். மின்னஞ்சலில் ஆறு நீண்ட எண்கள் வந்தன. தட்டினார். பெட்டியில் அந்த ஆறு லைனின் விளக்குகளும் பச்சையாயின. எந்தப் புதுப் பொருளும் வரவில்லை, பெட்டி திறக்கப்படவில்லை, ஒரு திருகுகூடச் சுற்றப்படவில்லை. சுருக்கும் திறமை முதல் நாளிலிருந்தே எட்டு லைனுக்கும் உள்ளே இருந்தது.

உழைத்துக் கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கணித முறையை ஒருவன் சொந்தம் கொண்டாட முடியாது என்று நம் காப்புரிமைச் சட்டமே சொல்லும்போதும், அன்னாள் வாதாடாமல் கொடுத்தார். எட்டு லைன் என்ற விலையையும் கொடுத்தார், அந்த எட்டைத் திறக்கிற விலையையும் கொடுத்தார். கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

அடுத்த கோடையில் சிறுமலைப் பக்கமிருந்து வந்த இடி மழையில் பெட்டி கருகியது. உத்தரவாதக் காலம் இருந்தது. கம்பெனி பழைய பெட்டியை வாங்கிக்கொண்டு புதிது அனுப்பியது. அதில் இரண்டு விளக்குதான் பச்சை. பழைய ஆறு எண்களையும் தட்டினார். ஏற்கவில்லை.

"அந்த எண்ணெல்லாம் பழைய பெட்டியோட வரிசை எண்ணுக்கு மட்டும்தான் மேடம்" என்றார் முகேஷ்குமார்.

"பழைய பெட்டி உங்ககிட்டதான இருக்கு?"

"ஆமா மேடம்."

"அப்ப நான் வாங்குன ஆறும் உங்ககிட்ட இருக்கு. திருப்பிக் குடுங்க."

"அது முடியாது. புதுசா வாங்கிக்கங்க. மாத்துப் பெட்டிக்குச் சோதனைக் காலமும் கிடையாது."

"நீங்க செருப்புக் கடை வைக்காம இருக்கீங்களேன்னு சந்தோஷப்படுறேன் தம்பி. இடது காலு செருப்பு அறுந்து மாத்துனா வலது காலுக்கும் சேத்துக் காசு கேப்பீங்க. எனக்கு இடது காலே சரியில்ல."

மறு அடகுக்குச் சங்கிலி இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நால்வர் பேச, மற்றவர்கள் வெளியே நின்றார்கள். இப்படியே நான்கைந்து மாதம் போனால் கூட்டம் வேறு கடைக்குப் போகும். கடையைப் பூட்ட வேண்டியதுதான். வக்கீல் வைக்க வழியில்லாத அன்னாள் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் தானே மனு எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தத்தின் பதினோரு பக்கத்தையும் அகராதியோடு உட்கார்ந்து படித்துச் சிவப்பில் கோடு போட்டிருந்தார்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் இரண்டு வாதம் வைத்தார். முதலாவது: உரிமம் இல்லாத ஆறு லைனும் வேலை செய்கிறது, சுருக்காத குரல் தரத்தில் உயர்ந்தது, உயர்ந்த தரம் கொடுத்ததற்கா வழக்கு?

அன்னாள் எழுந்தார். "ஐயா, எங்க சந்துல எட்டு சைக்கிள் ஒண்ணா போகும். அதுக்குத்தான் காசு குடுத்தேன். இவங்க ஆறு பேருக்கு லாரியக் குடுத்துட்டு, சைக்கிளை விட லாரி பெருசுதானன்னு கேக்குறாங்க."

மன்றத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டார்.

இரண்டாவது வாதம்தான் நஞ்சு. முதலில் விற்ற பெட்டியில் இரண்டு லைனுக்கு மட்டுமே சுருக்கும் வசதி இருந்தது. ஆறு லைனுக்கு அது பிற்பாடு தனியாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே அதே இரண்டு லைன் பெட்டியை மாற்றிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது.

அன்னாள் பதிவேட்டை மேசை மேல் வைத்தார். பணம் கட்டிய தேதிக்கு முந்தைய இரண்டு வெள்ளிக்கிழமைகள். எட்டுக் கூண்டும், ஒரே நேரம், எல்லாம் சரி. மூன்றாவது வெள்ளியில் கோடும் தப்பும். பணம் கட்டிய பிறகு மறுபடி சரி. மாற்றுப் பெட்டி வந்த பிறகு மறுபடி தப்பு. வசதி பிற்பாடு சேர்க்கப்பட்டது என்றால் அந்த முதல் பதினைந்து நாளும் எட்டுப் பேர் எதில் பேசினார்கள்?

பதிவேடு பொய் என்றார் வக்கீல். சாட்சியாக அய்யம்மாள் கூப்பிடப்பட்டார்.

"அம்மா, கோடெக்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுய்யா. எம் மகன் பேசுனாக் கேக்குதா கேக்கலையான்னு தெரியும்."

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி எந்த நாள்ல கேட்டுச்சுன்னு எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகம் எதுக்கு? நாந்தேன் புள்ளி வச்சிருக்கேன்ல. மூணு புள்ளின்னாக் கேட்டுச்சு. கோடுன்னாக் கேக்கல. கேட்டதுக்குக் கோடு போட்டா எனக்குக் காசு மிச்சம்யா. ஆனாலும் புள்ளிதேன் வச்சேன். ஒங்க ஆளுக அம்புட்டுப் படிச்சிருக்காகளே, இம்புட்டு நாணயம் இருக்கா?"

அன்று வெளியே வராந்தாவில் முகேஷ்குமார் அன்னாளிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது. "மேடம், ஆறு எண்ணும் இப்பவே தாரோம். வழக்க வாபஸ் வாங்கிட்டு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

கடை பூட்டும் நிலையில் இருந்தது. ஆறு எண்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

"இதே பெட்டி இந்த மாவட்டத்துல எத்தனை கடையில இருக்கு தம்பி?"

"அது எதுக்கு மேடம் உங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியணும்ல. தீர்ப்பாவே வரட்டும்."

2007இல் வந்தது. பழைய பெட்டியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதற்குரிய உரிமத்தையும் விழுங்குவது முறையற்ற வணிகம். ஆறு உரிமங்களையும் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். எண்கள் வந்தன. அந்த வெள்ளிக்கிழமை எட்டு விளக்கும் பச்சை. அதற்குள் பாதிக் கூட்டம் போயிருந்தது; செய்தி கேட்டு மெல்லத் திரும்பியது. அன்னாள் தீர்ப்பை நகலெடுத்து, விசாரித்துத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் தபாலில் அனுப்பினார்.

கம்பெனி என்ன பாடம் கற்றது என்று 2008இல் தெரிந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பொம்மையன் என்ற கடைக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, அந்தத் தீர்ப்பு நகல் ஒண்ணு வேணுங்க. நானும் எட்டு லைன் பொட்டி வாங்கிட்டேனுங்க."

"எத்தனைல தெளிவாக் கேக்குது?"

"நாலுலதானுங்க."

"மொத பதினஞ்சு நாள் எட்டும் பேசுச்சா?"

"இல்லீங்க. மொத நாளே நாலுதானுங்க. இப்ப வர்ற பொட்டியில சோதனைக் காலமே இல்லைன்னு சொல்றாங்க."

ஆக, பூட்டை எடுக்கவில்லை. பூட்டு இருப்பதைக் காட்டிக்கொடுத்த பதினைந்து நாளை எடுத்துவிட்டார்கள்.

அன்னாள் கையிலிருந்த சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நோட்டீஸுல எட்டு லைன்னு போட்டிருக்கா?"

"கொட்டை எழுத்துல போட்டிருக்குங்க."

"பெட்டி, பில்லு, நோட்டீஸு, ஒப்பந்தம், நாலையும் எடுத்துக்கிட்டுத் திண்டுக்கல் வாங்க. ஒன்பதாம் பக்கத்தைக் கிழிச்சுறாதீங்க. வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம். அன்னைக்கு இங்க எட்டுக் கூண்டுலயும் ஆள் இருக்கும்."