ஐம்பத்தெட்டு பாக்கெட்

விருத்தாசலத்தில் இருக்கிற ஒருவனிடம் உனக்கு வெயில் சத்து போதவில்லை என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் டாக்டரின் மேஜை மேலிருந்த பேனாக்களை எண்ணினேன். ஏழு. அவற்றில் நான்கு மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தவை.

புத்தாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. மாடிப்படி பதினாறில் ஒன்பதாவதில் நின்றுவிடுவேன். தொடை எலும்பில் ஓயாத குடைச்சல். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். வைட்டமின் டி ஒன்பது என்று வந்தது. குறைந்தது முப்பது இருக்க வேண்டுமாம்.

வெயிலில் நின்றதே இல்லையா பெரியவரே என்று டாக்டர் கேட்டார். முப்பத்து மூன்று வருடம் பீங்கான் தொழிற்சாலையில், சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளை எண்ணி, விரிசல் விட்டவற்றை ஒதுக்கியவன் நான். விடிந்ததும் கொட்டகைக்குள் போனால் பொழுது இறங்கித்தான் வெளியே வருவேன். ஓய்வு பெற்ற பிறகு குடையில்லாமல் தெருவில் இறங்கியதில்லை. இதையெல்லாம் கேட்க அவருக்கு ஏது நேரம்? வெளியே பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வாரம் ஒரு பாக்கெட் பொடி, பாலில் கலந்து, எட்டு வாரம். அதற்குப் பிறகு மாதம் ஒன்று. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. சீட்டில் இப்படித்தான் எழுதியிருந்தது. ஒரு பாக்கெட்டில் அறுபதாயிரம் யூனிட் என்று அச்சடித்திருந்தார்கள். அறுபதாயிரம் என்று எண்ணைப் போட்டு ஒரு மருந்தை விற்கிறவனை நான் நம்பமாட்டேன்.

இதைத் தொடமாட்டேன் என்று மகனிடம் சொன்னேன். மருமகள் அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று மூன்று முறை சொன்னேன்.

அவளும் நானும் பேசி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மனைவியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள் எங்கள் வீட்டில் இருபத்து நான்கு உண்டு. அவள் இறந்த பிறகு வந்த முதல் திவசத்துக்கு எடுத்தபோது இருபத்து மூன்றுதான் இருந்தன. வேப்பூரிலிருந்து வந்திருந்த மருமகளின் அம்மா எதிரிலேயே, ஒன்று எங்கே, பஸ் ஏறிப் போய்விட்டதா என்று கேட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. வேளாவேளைக்குச் சாப்பாடு வரும். எனக்குச் சொல்ல வேண்டியதை மகனைப் பார்த்துச் சொல்வாள். மகன் நெய்வேலிக்கு ஷிப்ட் போயிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். இரண்டு மாதம் கழித்து அந்த டம்ளர் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது. எடுத்துக் கழுவி மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று முறை வேண்டாம் என்று சொன்ன பிறகு அதே பாக்கெட்டை அவள் கண்ணெதிரே எப்படி எடுத்துக் குடிப்பது? ஆனால் கால் என்னுடையது. ஸ்டேஷன் பக்கம் வேறொரு மருந்துக் கடையில் நானே வாங்கினேன். கடைக்காரன் சீட்டும் கேட்கவில்லை, யாருக்கென்றும் கேட்கவில்லை. என் இரும்புப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொடியை நாக்கில் கொட்டித் தண்ணீர் குடிப்பேன். வெற்று உறையை மடித்து அதே பெட்டியில் போடுவேன்.

எட்டு வாரத்தில் வலி பாதி போனது. இனி மாதம் ஒன்று என்பது டாக்டரின் கணக்கு. என் கணக்கு வேறு. எட்டில் பாதி போனால் மீதிப் பாதிக்கு இன்னும் எட்டு வேண்டும். பதினாறாவது வாரம் பதினாறு படியையும் நிற்காமல் ஏறினேன். நிறுத்தினால் வலி திரும்பிவிடுமோ என்று தொடர்ந்தேன். பரிசோதனைக்குப் போகவில்லை. போனால் நான் மருந்து சாப்பிடுவது வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கத்து முருகன், கொளஞ்சியப்பருக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பொழுது இருப்பேன். மாலையில் பெரிய டம்ளர் நிறையப் பாலும் இரண்டு பழமும் மட்டும். அந்தப் பால் அளவுக்கு மீறித் தித்திக்கத் தொடங்கியது. மற்ற நாள் பாலில் அப்படி இல்லை. சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறாள், கேட்க ஆள் இல்லை என்று மகனிடம் புகார் சொன்னேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

ஆறாவது மாதம் நாக்கு வறண்டது. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போவேன். இதெல்லாம் அவள் சமையலின் லட்சணம் என்று நினைத்தேன்.

பிறகு எண்ணிக்கை போனது. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணுவது என் வழக்கம். ஒரு நாள் பதினேழுக்கு அப்புறம் என்ன வரும் என்று தெரியவில்லை. வண்டி போய், கேட் திறந்து, எல்லோரும் கடந்து போன பிறகும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்த மகன் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அடுத்த வாரம் காலையில் ஒரு தடவை குளித்ததை மறந்து மறுபடி குளித்தேன். அவள் சுவரைப் பார்த்து, "பெரியவருக்கு எண்ணிக்கை வுட்டுப்போச்சி" என்றாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. மகன் பீரோ சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். தனியாகத் தெருவுக்குப் போகக் கூடாது என்றான். பாண்டிச்சேரியில் ஞாபக மறதிக்கு ஒரு டாக்டரைப் பார்க்க நாள் வாங்கினான். அங்கே போய் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எழுதி வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு நான் எண்ணிச் சொல்லும் எதையும் இந்த வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். என் பேச்சுக்கு இருந்த ஒரே மதிப்பு அதுதான்.

பாண்டிச்சேரிக்கு முன் நம்ம ஊர் டாக்டரிடம் ஒரு சொல் கேட்போம் என்று மகன் அழைத்துப் போனான். அவர் நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கால்சியம் ஏறிக் கிடக்கிறது என்று சொல்லி அன்றே படுக்க வைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார். நான்காம் நாள் சென்னையிலிருந்து வைட்டமின் முடிவு வந்தது. இருநூற்றுக்கும் மேல்; கால்சியத்தை ஏற்றியது அதுதானாம்.

"எத்தனை பாக்கெட்டு சாப்பிட்டீங்க?" என்றார்.

இனி மறைத்துப் பயனில்லை. முப்பத்தொன்று என்றேன். மகன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து உறைகளைக் கொண்டு வந்தான். டாக்டர் எண்ணினார். முப்பத்தொன்று. ஆனால் அவர் தலையை ஆட்டினார்.

"இதுக்கு இவ்ளோ ஏறாதுங்க. மேல எவ்ளோ போட்டீங்களோ, ஞாபகம் இருக்காது."

என் எண்ணிக்கை தப்பாகாது என்றேன். மகன் டாக்டரைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. "அப்பா, கோவப்படாதீங்க. வயசானா மறக்கறதுதான்" என்றான். நான் மறுபடியும் முப்பத்தொன்று என்றேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு நோய் உறுதியானது. கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் நான் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டியவன்.

அப்போது ஜன்னலோரம் நின்ற மருமகள் வாயைத் திறந்தாள்.

"அவரு எண்ணுனது சரிதான் டாக்டர். மீதி நான் குடுத்தது. இருபத்தேழு."

அவளும் எண்ணியிருந்தாள். செவ்வாய்க்கிழமைப் பாலில் போட்டிருக்கிறாள். நான் வேண்டாம் என்று சொன்னதை நம்பி ஒரு மாதம் பார்த்துவிட்டு, பழைய சீட்டைக் காட்டி வாங்கிக் கலந்திருக்கிறாள். கால் தேறியதைப் பார்த்து அவளும் நிறுத்தவில்லை. இவ்வளவு அக்கறையா என்று டாக்டர் கேட்டார்.

"அக்கறைலாம் ஒண்ணுமில்லீங்க. காலு வுழுந்து படுத்துட்டாருன்னா தூக்கறது யாரு? இவரு ஷிப்டுக்குப் போயிடுவாரு. நான்தான தூக்கணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரே வூட்டுல ரெண்டு பேரு ஒரே மருந்த ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சி. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த ட்ரிப்ஸே வேணாம்." எனக்குக் கன்னம் எரிந்தது. அவள் முகத்திலும் ஒன்றும் மலர்ச்சி இல்லை.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்சியம் இறங்கியதும் தலைக் கலக்கம் தெளிந்தது; பாண்டிச்சேரிப் பயணம் நின்றது, சாவி திரும்பி வந்தது. பொடியை அடியோடு நிறுத்தினார்கள். கொழுப்பில் தங்கிவிட்ட சத்து லேசில் இறங்காது என்று டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. முப்பதுக்கு மேலும் நூற்றுக்குக் கீழும் வர பதினோரு மாதமும் நான்கு பரிசோதனையும் ஆயின. இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு பாக்கெட். அடுப்படிக் காலண்டரில் நான் ஒரு புள்ளி வைப்பேன். என் புள்ளியை நம்பாமல் பக்கத்தில் அவள் ஒரு புள்ளி வைப்பாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம். போன தடவை நாற்பத்திரண்டு.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், மகன் மருந்து வாங்கப் போன பிறகு, அவளும் நானும் மட்டும் இருந்தோம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்த டம்ளரில் ஊற்றி நீட்டினாள். என் மனைவியின் பெயர் வெட்டிய டம்ளர். அதைக் கையில் வாங்கிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"டம்ளரு இருபத்து நாலும் இருக்குது" என்றேன்.

"தெரியும்" என்றாள், இப்போது என்னைப் பார்த்து. "டிரம்முகிட்டேர்ந்து எடுத்துக் கழுவுனீங்களே, அப்ப தோட்டத்துக் கதவுகிட்ட நின்னுகிட்டுதான் இருந்தேன். இன்னைக்கு சொல்லுவீங்க, நாளைக்கு சொல்லுவீங்கன்னு பாத்தேன். எங்கம்மா அதுக்கப்புறம் நம்ம வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல, மாமா."

தண்ணீரைக் குடித்துவிட்டு, ஏழு டம்ளராச்சு, போதும் என்றேன்.

"எட்டு" என்றாள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எட்டுதான்.