அத்தான் எங்கே குடியிருந்தார்

அக்காவுக்கு வாய்தான் எதிரி. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கும்போது இம்மி பிசகாது. கோர்ட்டில் கூண்டேறியதும் முப்பது வருஷத்து வயிற்றெரிச்சலை அப்படியே கொட்டிவிட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்வி என்னவோ சின்னதுதான். "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா குடியிருந்தார்?"

"எங்க குடியிருந்தாரு? வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வருவாரு, போவாரு. அவ்வளவுதான்."

பின்வரிசையில் நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். எங்கள் வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டார்.

விஷயம் இதுதான். அத்தான் பக்கத்து நாட்டில் லிஃப்ட் மெக்கானிக். அங்கேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். பிள்ளை இல்லை, உயிலும் இல்லை. அக்கா இருக்கிற இரண்டு அறை வீடு அவர் பேரில். அங்கேயே பிழைக்கப் போன அவருடைய தம்பி, பங்கு கேட்டு அந்த நாட்டு கோர்ட்டில் வழக்குப் போட்டார். நாங்கள் இங்கே ஒன்று போட்டோம். அந்தச் சட்டப்படி தம்பிக்குப் பாதி, அதாவது வீட்டை விற்க வேண்டும். இந்தச் சட்டப்படி முழுசும் பெண்டாட்டிக்கு. செத்தவர் நிரந்தரமாக எங்கே குடியிருந்தாரோ அந்த கோர்ட்தான் தன் சட்டப்படி விசாரிக்கும் என்று இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தமாம். வீடு இங்கே கல்லு மாதிரி நிற்கிறது, அதைப் பிரிக்க எங்கேயோ ஒரு கோர்ட்டா? வக்கீலம்மா பொறுமையாக விளக்குவார். நாங்களும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, உனக்குப் புரிந்ததா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம்.

அக்காவின் குழப்பம் வேறு. "அங்க இருந்தாருன்னா வீடு போயிடும். இங்க இருந்தாருன்னு சொன்னா, நான் ஒத்தையில கெடந்ததெல்லாம் பொய்யா?"

வீடு வேண்டுமா வீம்பு வேண்டுமா என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாய்தாவில், அத்தானோடு அறையில் தங்கியிருந்தவரை வீடியோவில் விசாரித்தார்கள். தம்பி தரப்புச் சாட்சி. இருபது வருஷமாக அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு தனக்கு, கீழ்த்தட்டு அவருக்கு என்று ஆரம்பித்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அந்த அறையில் அவர் பொருள் என்னென்ன இருந்தது என்று வக்கீலம்மா கேட்டார். ஒரு பெட்டிதானாம். சட்டை மாட்ட ஒரு ஆணிகூட அடிக்கமாட்டாராம். ஏன் என்று கேட்டால், "இது என் வீடா, ஆணி அடிக்க?" என்பாராம்.

நீதிபதி அக்கா பக்கம் திரும்பி, லீவில் வந்தால் வீட்டில் என்ன செய்வார் என்று கேட்டார். பார்த்துப் பேசு என்று வக்கீலம்மா கண்ணாலேயே கெஞ்சினார். அக்காவா கேட்பாள்?

"என்னத்தச் செய்வாரு? வந்து எறங்கினதும் ட்ரில்லக் கையில எடுத்துடுவாரு. இங்க ஒரு அலமாரி, அங்க ஒரு கொக்கி, செவுரு பூரா ஓட்டை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாலும் பெட்டியைக் கட்டாம கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டிக்கிட்டு நிப்பாரு. உக்காந்து நாலு வார்த்தை பேசினதில்லைங்க."

மறுபடியும் ஒப்பாரியா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீதிபதியோ எந்தெந்தச் சுவர், எத்தனை அலமாரி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இதில் எழுத என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உத்தரவு வந்த அன்று நீதிபதி அதை வாசித்தார். இறந்தவர் வேலை பார்த்தது அங்கே, நிரந்தரமாகக் குடியிருந்தது மனைவியோடு இந்த வீட்டில். ஆகவே விசாரணை இங்கேதான். இனி வீட்டை யாரும் தொட முடியாது என்று வக்கீலம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காதது எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். கதவுக்குப் பின்னால் அத்தான் அடித்த கொக்கியில் பையை மாட்டப் போனவள், மாட்டாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நீதிபதி சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"இங்கதான் இருந்தாராடி?" என்று கேட்டு உடைந்து அழுதாள். "எனக்குத் தெரியாமப் போச்சே."